ஏழாவது டிஸ்க்

நல்லமுத்து அண்ணாச்சிக்கு ஆயுத பூஜையில் குறை வைக்கத் தெரியாது. பாளையம்பட்டியில் லோக்கல் கேபிள் சேனல் நடத்திய பதினைந்து வருஷமும் கேமரா, மிக்சர், மூலையில் கிடந்த ஹார்ட் டிஸ்க் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். எதில் என்ன இருக்கிறது என்று டிஸ்கில் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறதே, சந்தனம் வைக்க அதைவிட வாகான இடம் அவர் கண்ணில் படவில்லை. சேனலை மூடி எத்தனையோ வருஷம் கழித்து ஏழு டிஸ்குகளும் ஒரே மஞ்சள் முகத்தோடு மேசைமேல் கிடந்தன. மதுரையிலிருந்து அவரைத் தேடி வந்திருந்த சுகப்பிரியா ஒன்றைச் சுரண்டிப் பார்த்தாள். சந்தனத்தோடு எழுத்தும் உதிர்ந்தது.

"கம்ப்யூட்டர்ல மாட்டுனா ஒண்ணுமே தெறக்கலத்தா. எல்லாம் காலி போல. நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வாரான், தூக்கிக் குடுத்துறலாம்னு இருக்கேன்," என்றார் அண்ணாச்சி.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் குரல். அவள் அம்மா மாரிக்கனி அந்தச் சேனலில் அறிவிப்பு வாசித்தவள். குழாயில் தண்ணீர் என்றைக்கோ ஒருநாள் எட்டிப் பார்த்த காலம் அது. நாளை எந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்று மாரிக்கனி சொல்லக் கேட்பதற்கு ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அவள் சொல்லி முடித்ததும் அந்தத் தெருவில் குடங்கள் உருளும். "உங்கம்மாகிட்டச் சொல்லி எங்க தெருவுக்கும் தண்ணி விடச் சொல்லேன்" என்று டீச்சரே சுகப்பிரியாவிடம் சிபாரிசு கேட்டிருக்கிறார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அவளுடைய பன்னிரண்டாம் வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ இருப்பதால் முகம் மறக்கவில்லை. குரல்தான் போன வருஷத்திலிருந்து எவ்வளவு யோசித்தும் காதுக்குள் வரவில்லை. அது அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

சுகப்பிரியாவுக்கு மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. டிஸ்க் திறக்கவில்லை என்பதற்காக அது காலி என்று ஆகிவிடாது என்பது அவளுக்குத் தெரியும். ஃபைல்களை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. பழைய ரெக்கார்டிங் மிஷின் அடுக்கிய முறை அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அதற்கு மனசு வருமா? 'ஃபார்மட் செய்யவா?' என்று, அதாவது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக அடுக்கவா என்று கேட்கும்.

தன் லேப்டாப்பில், யாரோ முன்பே எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பான ஒரு லைப்ரரியை வைத்துப் பதினைந்து வரியில் புரோகிராம் எழுதினாள். டிஸ்கில் எதையும் மாற்றாமல், உள்ளே இருக்கும் அடையாளத்தை மட்டும் படித்து, அடுக்கிய முறை எது, டிஸ்குக்கு வைத்த பெயர் எது என்று அது சொல்லிவிடும். ஒவ்வொன்றாக மாட்டினாள். பங்குனிப் பொங்கல், திருச்சுழித் தேர் என்று பெயர்கள் வர வர அண்ணாச்சி துள்ளினார்.

"ஏத்தா, இது நம்ம சீனிச்சாமி கல்யாணம்ல! அன்னைக்குப் பெஞ்ச மழையில பந்தலே சாஞ்சுபோச்சு!"

ஆறு டிஸ்க் முடிந்தது. அம்மா எதிலும் இல்லை. ஏழாவதை மாட்டினால் புது முறை, பெயர் கிடையாது, ஃபைலும் கிடையாது.

"அண்ணாச்சி, இத என்ன செஞ்சீக?"

"ஃபார்மட் செய்யவான்னு கேட்டுச்சு. மரியாதையாக் கேக்குதேன்னு சரின்னு அமுக்கிட்டேன்."

சுகப்பிரியாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. வாயைத் திறந்தால் பெரியவரை ஏதாவது சொல்லிவிடுவோம் என்று புரோகிராமையே முறைத்துக்கொண்டிருந்தாள். முதல் அடையாளம் கிடைத்ததும் நின்றுவிடும்படி எழுதியிருந்தது அப்போதுதான் உறைத்தது. நிற்காமல் எல்லாவற்றையும் தேடும்படி ஒரு வரியை மாற்றி ஓட்டினாள். இந்த டிஸ்கில் இரண்டு அடையாளம் இருக்கிறது என்றது லைப்ரரி. புதியதற்கு அடியில் பழையது அழியாமல் கிடந்தது. அதன் பெயர் 'அறிவிப்பு'.

முதலில் முழு டிஸ்கையும் நகல் எடுத்தாள். பிறகு நகலில் கைவைத்து, பழைய அடுக்கைச் சரிசெய்து, ஒரு வீடியோவை மீட்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

திரையில் மாரிக்கனி நீலச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "பாளையம்பட்டி நேயர்களுக்கு வணக்கம். நாளை காலை ஆறு மணிக்கு வடக்குத் தெருவுக்குக் குடிநீர் விநியோகிக்கப்படும்."

"என்னா வாசிப்பு பாத்தியா!" என்று பூரித்தார் அண்ணாச்சி.

சுகப்பிரியாவுக்கு அது அம்மாவாகவே படவில்லை. இது யாரோ. இந்தக் குரலில் அம்மா ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. இவ்வளவு பாடுபட்டும் கிடைத்தது இதுதானா என்று மூட்டையைக் கட்டப் போனாள்.

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; அறிவிப்பு முடிந்தும் அண்ணாச்சி அன்றைக்குக் கேமராவை நிறுத்த மறந்திருந்தார். திரையில் அம்மா தாளை மடித்துவிட்டு எழுந்தாள்.

"முடிஞ்சிருச்சுல்ல அண்ணாச்சி? நான் வாரேன். எம்பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்லயே ஒக்காந்திருக்கும். நான் போயிச் சோறு போடாமத் திங்காது, கழுத."

"இன்னும் ஒக்காந்துதாம்மா இருக்கேன்," என்றாள் சுகப்பிரியா.