முதல் போதும்

தங்கையா ஊசியை நிறுத்தியதற்குக் காரணம் அவன் பார்க்கும் வேலைதான். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளில் சாரம் கட்டுகிறவன் அவன். வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொண்ட அந்த இளைக்கும் ஊசி உடம்பை நன்றாகத்தான் இறக்கியது. ஆனால் உச்சியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. கிளினிக் டாக்டரிடம் சொன்னான். நிறுத்திப் பார்ப்போம் என்றார்.

ஊசி போனதும் பசி திரும்பி வந்தது. கதவைக்கூடத் தட்டவில்லை, வீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆடி முடிந்ததும் ஆலையில் பெரிய வேலை தொடங்கவிருந்தது. மேலே ஏறுகிறவர்களை முதலில் எடை போட்டுப் பார்ப்பார்கள். உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை நூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும். தாண்டினால் கீழே நின்று இரும்பு எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். இளவட்ட வயதில் இருந்து ஏறிப் பழகியவனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை.

“அண்ணே, இந்த வாட்டி கீழயே இருந்துடுங்க லா. இரும்பு தூக்கிக் குடுக்க ஆள் வேணும்ல” என்று போர்மேன் புவனேஸ்வரன் சீண்டினான்.

“உன் வாயில நாசி லெமாக் சோத்த வெச்சு அடைக்கணும்டா.” தங்கையா சிரித்துக்கொண்டே சொன்னான்.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்து பார்த்தான். சிம்பாங் அம்பாட் வீட்டுக்கு வந்ததும் சட்டியையே கவிழ்த்துக்கொண்டான். உடம்பு ஏறத்தான் செய்தது.

ஒரு சாயங்காலம் மனைவி கமலவேணி அவன் சோற்று மங்கில் மறுசோறு போட்டாள். “போதும்” என்றான். இன்னொரு கரண்டி விழுந்தது. “போதும் கமலா.” மீன் கறியும் சேர்ந்து விழுந்தது.

“ஏண்டி, சொல்றது காதுல விழலையா?”

“விழுதுங்க. மொத தடவ போதும்னா அது மரியாதைக்கு. மூணாந்தடவ சொன்னாத்தானே நெசம்?”

தங்கையாவின் கை மங்கிலேயே நின்றது. அவன் வளர்ந்த வீட்டிலும் இதே கணக்குதான். ஊசி போட்ட காலத்தில் மட்டும் முதல் போதுமிலேயே எழுந்துவிடுவான், அதற்கு மேல் சோறு இறங்காது.

“அப்ப எந்திரிச்சேன்ல? இப்பவும் எந்திரிக்கிறேன். நீ மொத போதும்லயே கைய நிறுத்திடு.”

“ஒங்க சின்னம்மா பாத்தா நான் சோறு போடலன்னு ஊரக் கூட்டும். ஏற்கெனவே அவருக்கு இனிப்பு நீரு வியாதியான்னு கேக்குறாங்க.”

“கேட்டுட்டுப் போறாங்க.”

அவளுக்குத்தான் கஷ்டம். கரண்டி தானாகக் கிளம்பும், பாதி வழியில் திரும்பும். கொஞ்ச நாளில் சோறு குறைந்தது, கீரையும் பயறும் கூடின. பகலில் ஒழுங்காகச் சாப்பிட்டான். சீனி போடாத தேத்தண்ணி குடித்தான். சாப்பிட்டதும் இருவரும் தாமான் வீடுகளைச் சுற்றி நடந்தார்கள்.

ஆடித் திருவிழா அன்னதானத்தில் சோறு பரிமாறியது சாட்சாத் அந்தச் சின்னம்மா இருசம்மாளேதான்.

“என்னடா, எலும்பும் தோலுமா போயிட்ட!” நூறுக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“போதும் சின்னம்மா” என்று இலையைக் கையால் மறைத்தான். சோறு கைமேலேயே விழுந்தது. பந்தி சிரித்தது.

“ஆத்தா கோயில் சோத்தையே வேணாங்கிறியாடா?”

தங்கையா தலையைக் குனிந்தான். ஒரு பிடிதானே, தின்றுவிடலாம் என்று விரலை மடக்கினான். பக்கத்தில் இருந்த கமலவேணி அவன் கையைப் பிடித்து, சோற்றைத் தன் இலையில் தள்ளிக்கொண்டாள்.

“சின்னத்தே, இவரு போதும்னா போதும்தான். நானே இப்பத்தான் பழகியிருக்கேன். எனக்குப் போடுங்க.”

“நல்ல ஜோடிடி!” முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கரண்டி அவளுக்குப் போட்டுவிட்டுக் கிழவி நகர்ந்தாள்.

ஆலையில் எடை போட்ட அன்று புவனேஸ்வரன் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தான். “தொண்ணூத்தாறு. ஊசியா அண்ணே?”

“ஊசியெல்லாம் எப்பவோ விட்டாச்சு.”

“அப்பறம் எப்படி?”

“வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்டா.”

போர்மேனுக்குப் புரியவில்லை. பட்டையை எடுத்து நீட்டினான்.

உச்சியில் கடல் காற்று சட்டையைப் புடைக்க வைத்தது. இப்போது குமட்டல் இல்லை. கொஞ்ச நேரத்தில் வயிறு கூப்பிட்டது. “இரு, இறங்கிப் போயி சாப்டுக்கலாம்” என்று அதனிடம் சொல்லிவிட்டு, தங்கையா அடுத்த குழாய்க்குக் கையை நீட்டினான்.