சாமி அலுமாரியில் ஐந்து கிழங்குகள்

வசந்தமலருக்கு ஒரு கொள்கை உண்டு. யாராவது நம்பித் தந்த பொருள் சாமி அலுமாரியில்தான் இருக்கவேண்டும். குளிர்நாட்டுப் புறநகரான ஹொல்ம்லியாவில் அவளுடைய வீட்டில் சாமிப் படங்களுக்குக் கீழ்த் தட்டில் கடவுச்சீட்டுகளும் நகைப்பெட்டியும் அப்படித்தான் குடியிருந்தன. 2005 ஒக்டோபரில் பக்கத்து வீட்டு இங்கெபோர்க் குளிர்காலத்தைக் கழிக்க ஸ்பெயினுக்குப் புறப்பட்டபோது தந்த காகிதப் பையும் அங்கேயே போனது.

பைக்குள் பிகோனியா என்ற பூச்செடியின் ஐந்து கிழங்குகள். இங்கெபோர்க்கின் காலஞ்சென்ற கணவர் கல்யாணமான வருடம் வாங்கியவை. உறைபனி பட்டால் அழுகிவிடும் என்று நாற்பது வருடமாக வீட்டுக்குள் எடுத்துக் காப்பாற்றி வந்தவை.

"குளிரான, இருட்டான இடத்தில் வை. நான் வரும் வரை தூங்கட்டும்" என்று சொல்லித்தான் இங்கெபோர்க் கொடுத்தார். அவர் மனதில் இருந்தது நிலவறை. பழைய சப்பாத்துகளுக்கு நடுவிலா செத்துப்போன மனிதரின் நினைவை வைப்பது என்று வசந்தமலர் முகம் சுளித்தாள். சாமி அலுமாரியும் இருட்டுத்தானே. அதன் பின்னால் வெந்நீர்க் குழாய் ஓடுவது மட்டும் அவளுக்கு நினைவு வரவில்லை.

தைப்பொங்கல் காலையில் நகைப்பெட்டியை எடுக்கப் போனவளுக்கு நெஞ்சு திக்கென்றது. பையைக் கிழித்துக்கொண்டு வெளிறிய முளைகள் எட்டிப் பார்த்தன. வெளியே மைனஸ் பதினாறு. சூரியனுக்குப் பொங்க வேண்டிய நாளில் சூரியனையே காணவில்லை.

"இஞ்சருங்கோ, மனிசி நம்பித் தந்ததைச் சாக்காட்டிப் போட்டன்" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

ஸ்ரீதரன் பஸ் சாரதி, எதற்கும் பதறாதவன். "சாகேல்லையப்பா, எழும்பிட்டுது. எழும்பினதைத் திருப்பிப் படுக்க வைக்கேலாது. வெளிச்சம் குடுப்பம்."

ஜன்னலடியில் இடம் விடச் சோபா சமையலறைப் பக்கம் போனது. அங்கே இரண்டு டியூப் லைட்டுகள் தொங்கின. ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, கிழங்குகளை நட்டார்கள். வசந்தமலர் ஒவ்வொரு டப்பாவிலும் திருநீறு பூசினாள். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை எரிந்த வெளிச்சத்தைப் பார்த்து, கடை திறந்துவிட்டார்களோ என்று வீதியில் போனவர்கள் நினைத்தார்கள்.

ஞாயிறுதோறும் இங்கெபோர்க் ஸ்பெயினிலிருந்து அழைப்பார்.

"என் பிகோனியாக்கள் தூங்குகின்றனவா?"

வசந்தமலர் பொய் சொல்லமாட்டாள். உண்மையும் வாயில் வராது. "நல்ல சுகமாக இருக்கின்றன" என்பாள். பக்கத்தில் ஸ்ரீதரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அவளுக்கோ சிரிப்பு வராது. பதினொரு வருடமாக ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவர் வைத்திருக்கும் சிநேகிதம் இது. பெப்ரவரியில் ஒரு செடி இலை முழுவதையும் கொட்டியபோது அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரத்தில் அது மறுபடி துளிர்த்தது. வசந்தமலர் மோதகம் அவித்தாள்.

மே முதல் வாரம் இங்கெபோர்க் வந்து கதவைத் தட்டினார்.

"என்னை மன்னிக்க வேணும்" என்று தொடங்கினாள் வசந்தமலர். அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே ஜன்னலுக்கு நடந்தார். ஐந்து டப்பாவிலும் செம்மஞ்சள் பூக்கள், ஒவ்வொன்றும் தேநீர்த் தட்டு அகலம்.

"நாற்பது வருடத்தில் ஜூலைக்கு முன்னால் பூத்ததில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. "அவருடைய பிறந்தநாள் நாளைக்கு. ஒரு தடவைகூட இவை அதற்குப் பூத்ததில்லை."

வசந்தமலரும் அழுதாள், சிரித்தாள், அலுமாரிக் கதை முழுவதையும் ஒப்புவித்தாள். இங்கெபோர்க் அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார்.

அந்த ஒக்டோபரில் மறுபடி காகிதப் பையோடு வந்தார். இந்த முறை நிலவறையில் வைக்கிறேன் என்று வசந்தமலர் முந்திக்கொண்டாள்.

"வேண்டாம், போன முறை வைத்த இடத்திலேயே வை" என்றார் இங்கெபோர்க். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளே கணவரின் கைக்கடிகாரம்.

"இதையும் அங்கேயே வைத்துவிடு."

வீட்டுக்குள் ஸ்ரீதரன் யாரும் சொல்லாமலே சோபாவைத் தள்ளத் தொடங்கியிருந்தான்.