பலாலியிலிருந்து ஒரு மணி நேரம்

வல்லத்திராக்கோட்டை சேவுகன் யாழ்ப்பாணத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தான். அவன் கப்பலேறியபோது மனைவி காத்தாயி கர்ப்பமாக இருந்தாள். போன பிறகு பர்மிட், பாஸ்போர்ட் என்று கெடுபிடிகள் வந்துவிட்டன. ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்திலேயே ஆறு வருடம் ஓடிவிட்டது. மகள் செவந்தியின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

ஒரு ஐப்பசியில் மைத்துனன் இருளாண்டி தந்தி அடித்தான். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், உடனே வரவும். தலைமன்னார், தனுஷ்கோடி, ரயில் என்று போனால் நாள் கணக்காகும். கடை முதலாளி மனமிரங்கி, யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலியிலிருந்து திருச்சிக்குப் போகும் விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்.

காலையில் விமானம் கிளம்பியது. கடல் முடிந்து தென்னந்தோப்புகள் வந்தன. பிறகு கண்மாய்கள், வயல்கள். பக்கத்திலிருந்தவரிடம் சேவுகன் கேட்டான்.

“அண்ணே, இது எந்த ஊருங்க?”

“ஆலங்குடிப் பக்கமா இருக்கும்.”

“நம்ம ஊரு இங்கிட்டுதாங்க. இங்கயே எறக்கிவிட்டா நல்லாருக்கும்.”

அவர் சிரித்தார். சேவுகன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, எல்லாம் பின்னால் போய் மறையும்வரை பார்த்தான்.

திருச்சியில் இறங்கியதும் அம்மை ஊசி போட்ட சீட்டு, பாஸ்போர்ட், பெட்டிச் சோதனை என்று மத்தியானம் ஆகிவிட்டது. புதுக்கோட்டை பஸ் கீரனூர் தாண்டி நின்றுபோனது. வேறு பஸ் பிடித்து, மாறி ஏறி அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருளாண்டி மண்வெட்டியும் ஈர வேட்டியுமாகக் கண்மாய்க்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

“மாமா, இப்பத்தான் புள்ளைய அடக்கம் பண்ணிட்டு வாரோம்.”

சேவுகன் பெட்டியை நடுரோட்டிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“உசுரு எப்ப போச்சு?”

“உச்சிக்கு மேல. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. நீங்க கப்பல்ல வருவீங்கன்னு நெனைச்சோம்.”

வீட்டில் காத்தாயி சுவரில் சாய்ந்திருந்தாள். அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“கப்பல்லயா வந்தீங்க?”

“ஏரோப்பிளேன்ல.”

“எம்புட்டு நேரமாச்சு?”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். வாய் வரவில்லை.

“ஒரு மணி நேரம்.”

“ஒரு மணி நேரமா?” காத்தாயி அவனை வெறித்துப் பார்த்தாள். “அப்பா எங்கேன்னு தெனமும் கேப்பா. ரொம்பத் தூரம்டி, நெனைச்சா வர முடியாதுன்னு சொல்லிச் சொல்லி வச்சேனே. இம்புட்டுக் கிட்டத்துலயா இருந்தீங்க?”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். சேவுகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தள்ளவும் இல்லை, சாயவும் இல்லை.

அவள் அழுகை அடங்கியதும் அவன் தயங்கிக் கேட்டான்.

“புள்ளை யாரு சாடை?”

“ஒங்க சாடைதான். நெத்தி, மூக்கு, எல்லாம்.”

சேவுகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டிய கெடு தையோடு முடிந்தது. அவன் போகவில்லை. இருளாண்டியின் கொல்லையில் நிலக்கடலை விதைத்தான். காத்தாயி தினமும் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள்; அவன் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.