வலது காலுக்குப் பத்து மதிப்பெண்

…இப்போது ‘ம்’ சொல்லலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா, ரொம்பப் பொறுத்தால் சந்தேகப்படுவாளோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆவுடைநாயகம் தவித்துக்கொண்டிருந்தார், ஐம்பத்தொரு வயதில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு. நேற்றுக் கல்யாணம் நடந்த மண்டபம். மேடையை இன்னும் கழற்றவில்லை, முதுகுக்குப் பின்னால் தெர்மாகோல் இதயத்துக்குள் யாரோ ஒரு மகேஷும் யாரோ ஒரு சுப்ரஜாவும் வாழ்க வளமுடன் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் வேறு இடமே கிடைக்கவில்லையா இந்த பஸ் கம்பெனிக்கு, நாற்பத்தைந்து தாண்டிய டிரைவர்களுக்கெல்லாம் சர்க்கரைக் கால் பரிசோதனை, முடிவுத் தாள் சாயங்காலத்துக்குள் மானேஜர் மேசைக்குப் போகும், கால் சரியில்லாதவன் நாளை முதல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. “கண்ண மூடிக்கிடுங்க அண்ணாச்சி, இந்த நைலான் இழையால தொடுவேன், தெரிஞ்சா ம்-னு சொல்லணும், ஒரு காலுக்குப் பத்து இடம், அவ்வளவுதான்,” என்று நர்ஸ் அஞ்சலின் சொல்லியிருந்தாள், உவரிப் பக்கத்துப் பிள்ளை, என்னவோ விளையாட்டுச் சொல்லித்தருகிற மாதிரி. அவ்வளவுதானாம். அவள் சொன்ன மறுநிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது, எதுவும் தெரியப்போவதில்லை என்று. கிரீச். அவள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூல். முன்னால் குனிந்தால் கிரீச், நிமிர்ந்தால் சத்தமில்லை. “ம்,” என்றார் ஆவுடைநாயகம். “சரி,” என்றாள் அஞ்சலின். இருபத்தாறு வருஷமாக கியர் பாக்ஸின் முனகலைக் கேட்டே வண்டியின் வயிற்றில் என்ன கோளாறு என்று சொல்கிற காது, ஒரு ஸ்டூலா அவரை ஏமாற்றும்?

இடது கால் பத்துக்குப் பத்து. பள்ளிக்கூடத்தில்கூட இப்படி வாங்கியதில்லை. ஆனால் இடது கால் கிளட்ச்தானே, அது எப்படியும் போகட்டும், அடுத்தது வலது, பிரேக்குக்கு உரியது… பரிசோதனைக்கு முன்னால் அந்த டாக்டர் மைக்கைப் பிடித்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கெட்டிமேளம் சொல்லவேண்டிய மைக்கில் அரைமணி நேரம் பேசினார், சர்க்கரை கூடினால் நரம்புக்குச் சோறு கொண்டுபோகிற சின்ன ரத்தக்குழாய் கெடும், உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது, அதனால் முதலில் கால் போகும் என்று. அது நியாயமாகத்தான் பட்டது, வண்டியில்கூட வயர் கெட்டால் பின் விளக்குதான் முதலில் அணைகிறது. அதற்கப்புறம்தான் அதைச் சொன்னார். “எரிச்சல் நின்னுட்டுன்னு சந்தோஷப்படாதீங்க. சில பேருக்குக் குணமாகி நிக்காது, நரம்பு செத்து நிக்கும்.” கீழே வரிசையில் இருந்த நாற்பது டிரைவர்களும் கொட்டாவி விட்டார்கள். ஆவுடைநாயகத்துக்கு மட்டும் வாய் பாதியில் நின்றது. எரிச்சல் நின்றதற்கு அவர் என்ன செய்தார்? திருச்செந்தூருக்கு நடந்தார். ஒரு வருஷம் காலில் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டினார், முருகா இது நின்றால் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டார், நின்றது, மாசி மாதம் நடந்தார். தார் ரோட்டில் கூட வந்தவர்களெல்லாம் கொப்புளம் கொப்புளம் என்று கத்த, அவர் மட்டும் கம்பளத்தில் நடக்கிற மாதிரி நடந்தார். நாழிக்கிணற்றடியில் பாதத்தைத் திருப்பிப் பார்த்த கண்டக்டர் ஜேசுதாசன், “என்னவே இது, தோலு உரிஞ்சு தொங்குது, நீரு பாட்டுக்கு வாரீரு, முருகன் உம்ம கால்ல ரப்பர் வச்சுத் தச்சுட்டானோ?” என்றான். பெருமையாக இருந்தது. மாத்திரையையும் அன்றோடு நிறுத்தினார். நிறுத்தியதோடு விட்டாரா, ஐந்து பேருக்கு இந்த வைத்தியத்தைச் சிபாரிசு வேறு செய்தார், அதில் ஒருவன் இதோ இந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கிறான், அவனும் நடந்துவிட்டு வந்தவன்தான்.

கிரீச். “ம்.” “வலது காலு நல்லா இருக்கே அண்ணாச்சி.” நல்லா இருக்கிறது… கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் டிரிப்புக்கு டிரிப்பு நடுவே தாமிரபரணியில் காலை நனைப்பது வழக்கம், பொடி மீன்கள் வந்து கொத்தும், கூசும், போன கோடையில் கொத்தவே இல்லை. சாக்கடையைக் கலந்து ஆற்றைக் கொன்றுவிட்டார்கள், மீன் ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஜேசுதாசனிடம் கால்மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டுக் குனிந்து பார்த்தால், இருபது முப்பது மீன் மொய்த்துக்கொண்டு பாதத்தை விருந்து வைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. அப்போதும் என்ன நினைத்தார், மீனுக்கு முன்னைப் போல வலு இல்லை என்று நினைத்தார். மீனைச் சொன்னார், ஆற்றைச் சொன்னார், அப்புறம் வண்டியைச் சொன்னார். ஷெட்டில் புகார் நோட்டில் எழுதினார், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, மிதித்தது தெரியவில்லை. மெக்கானிக் ரசீத் கழற்றிப் பார்த்தான், மாட்டினான், மேலப்பாளையம் வரை ஓட்டிப் பார்த்தான். “வண்டி கல்லு மாதிரி நிக்கி அண்ணாச்சி, ஒண்ணுமில்ல.” மறுபடி எழுதினார். மறுபடி பார்த்தான். மூன்றாவது தடவை அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணாச்சி, நீங்க நல்லாத்தான இருக்கிய?” என்று பையக் கேட்டான். அதற்கு அவனை எத்தனை பேர் முன்னால் ஏசினார்! ஏலே நீ பிறக்கதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் பிடிச்சவம்லே நான்… அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனான். பெடலில் கோளாறில்லை என்று மூன்று தடவை ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டான், மிச்சமிருந்தது மிதிக்கிற கால் ஒன்றுதானே, அதை எப்படி ஐயா அவர் யோசிக்காமல் போனார்? யோசிக்காமலா போனார்?

கிரீச். “ம்.” கிரீச். “ம்.” யோசித்தார். ரயில்வே கேட்டில் அது நடந்த அன்றைக்கே யோசித்தார். கேட் அடைத்திருந்தது, முன்னால் பால்காரர் மொபெட்டில் கேனோடு நின்றார், ஆவுடைநாயகம் பிரேக்கை மிதித்தார், வண்டி போனது, இன்னும் அழுத்தி மிதித்தார், இன்னும் வேகமாகப் போனது, குனிந்து பார்த்தால் பாதி பாதம் ஆக்சிலேட்டரில். எப்படி எடுத்து எப்படி வைத்தார் என்று தெரியாது. பம்பர் பால் கேனை முத்தமிட்டு நின்றது. பால்காரர் திரும்பி, என்ன அவசரம், நீரு மட்டும் ரயிலுக்கு முந்தியா போவப் போறீரு என்றார், உள்ளே அப்பளக் கட்டோடு நின்ற அம்மாள், “பிரேக்க மிதின்னா எங்க அப்பளத்த மிதிக்காம்பாரு, நொறுங்கிட்டே எல்லாம்!” என்று கத்தினாள், வண்டியே சிரித்தது, அவரும் சிரித்தார். அவருக்குப் பின் சீட்டில் மகள் சித்ரலேகா, காதில் பாட்டு, எதுவும் தெரியாமல் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். தினமும் அவள் அந்த சீட்டில்தான் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு வருகிறாள், அப்பா ஓட்டுகிற வண்டிதான் பத்திரம் என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்புகிறாள். அன்றிலிருந்து என்ன செய்தார், லீவு போட்டாரா, டாக்டரைப் பார்த்தாரா? வளைவு வரும்போதும் ஸ்டாப் வரும்போதும் குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து மிதிக்கப் பழகிக்கொண்டார். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் நாற்பது தடவை. அந்த நாற்பது தடவையும் ரோட்டை யார் பார்த்தது? ஓட்டாவிட்டால் என்ன, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கூண்டில் உட்காரவைப்பார்கள், விசில் ஊதலாம், ஆனால் முன்னால் அங்கே போய் உட்கார்ந்த இரண்டு டிரைவர்களும் ஒரே வருஷத்தில் கிழவர்களானதைப் பார்த்திருக்கிறார்… கிரீச். “ம்.”

“கண்ணத் திறங்க. பத்துக்குப் பத்து அண்ணாச்சி! காலையில இருந்து இப்பிடி யாரும் வாங்கல, வாலிபக் காலு,” என்று அஞ்சலின் தாளில் எழுதிக்கொண்டே சொன்னாள். மேடைக்குக் கீழே நின்ற ஜேசுதாசன், “மாப்பிள, தாலி கட்டியாச்சுல்லா, இறங்கி வாரும்வே! நாலு பத்து வண்டிக்கு நேரமாவுது, காலேஜ் பிள்ளைக பூரா ஸ்டாப்ல நிக்கும்,” என்றான், வரிசையே சிரித்தது. எழுந்திருக்க வேண்டியதுதான். ஜெயித்தாயிற்று. ஆனால் நெஞ்சுக்குள் இதென்ன, இந்தப் பிள்ளை மேல் இப்படி ஒரு கோபம்? படித்த பிள்ளைதானே, நூறு காலைத் தொட்ட பிள்ளைதானே, ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லையா, ஒரு தடவை தொடாமல் சும்மா குனிந்து பார்த்திருந்தால் அங்கேயே அகப்பட்டிருப்பேனே, நானா சொல்லமுடியும், நீதானே கண்டுபிடித்திருக்க வேண்டும்… ரசீத் கேட்டபோது ஏசினோம், இனிமேல் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இந்தத் தாளைக் காட்டினால் ரசீத்கூடக் கேட்கமாட்டான். “அண்ணாச்சி? அடுத்த ஆளு வரணும்லா,” என்றாள் அஞ்சலின். அவர் வெல்வெட் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். “அம்மா… வலது கால மட்டும் இன்னொருக்க பாக்கியளா?” “ஏன், நல்லாத்தான இருக்கு?” “அந்த ஸ்டூல் வேண்டாம். நின்னுக்கிட்டுப் பாருங்க.” “ஸ்டூலுக்கு என்ன?” “சத்தம் போடுது,” என்றார் ஆவுடைநாயகம். அவள் ஸ்டூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எழுதிய தாளைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. ஸ்டூலைக் காலால் தள்ளினாள். “ஏ என்னவே, அங்கன தூங்கிட்டீரா?” கீழிருந்து ஜேசுதாசன். அவர் கண்ணை மூடினார்.

மின்விசிறி ஓடியது. யாரோ இருமினார்கள். தொட்டுவிட்டாளா, இன்னும் குனியவே இல்லையா, பத்தும் முடிந்துபோய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளா, காதைத் தீட்டி வைத்தார், ஒன்றுமில்லை, மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. சரி, இழை தெரியவில்லை, போகட்டும், அது மெல்லிசு… அந்த இருட்டில் வலது காலைத் தேடினார், முழங்கால் வரை இருந்தது, அதற்குக் கீழே கொஞ்சம் இருந்தது, அதற்கப்புறம், அது நாற்காலியின் மேல்தான் கிடக்கிறதா, அவள் எடுத்துக் கீழே வைத்துவிட்டாளா என்பதே அவருக்குத் தெரியவில்லை, கண்ணைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், திறக்கலாமா…