பெருக்காத தரை

அது வியாழக்கிழமையா, புதன்கிழமையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிரிசான்தோ இறந்து நான்காம் நாள் என்பது மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் கண்டதும், அவர் மகள் ரொவேனா பின்னாளில் சொன்னதும் எனக்குள் ஒன்றாகிவிட்டன. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க முயன்று விட்டுவிட்டேன்.

ரொவேனா தன் அம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"விடும்மா. அப்பா இன்னும் வீட்லதான் இருக்காரு."

நெனிதா தன் கையைப் பார்த்தாள். துடைப்பத்தை எப்போது எடுத்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அனல்மின் நிலையம் வந்த பதினோரு வருடங்களாக, நாளொன்றுக்கு மூன்று முறை பெருக்கிய கை அது. எங்கள் வழக்கத்தில் சவத்தை அடக்கத்துக்கு முன் பல நாள் வீட்டில் வைத்திருப்போம்; அதுவரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் அதோடு இன்னொரு உயிரும் போகும் என்று எங்கள் தீவில் எல்லோருக்கும் பயம்.

அதனால் அனல்மின் நிலையத்திலிருந்து பறந்துவரும் சாம்பல் நான்கு நாட்களாக விழுந்த இடத்திலேயே கிடந்தது. வாசலிலிருந்து சவப்பெட்டிவரை செருப்புத் தடங்கள். யாரும் மிதிக்காத ஜன்னலடியில் மட்டும் மாவு சலித்ததுபோல் ஒரே சீராகப் படிந்திருந்தது. இவ்வளவு சாம்பலை ரொவேனா தன் வீட்டில் பார்த்ததே இல்லை. அம்மா பார்க்க விட்டதில்லை.

அவள் கல்லூரியில் வேதியியல் மூன்றாம் வருடம். கடந்த ஒரு வருடமாக அவளும் ஏழெட்டு மாணவர்களும் வீடு வீடாகப் போய், கூரையில் வாஸ்லின் களிம்பு தடவிய தட்டு வைத்து, விழும் சாம்பலை நிறுத்துக் குறித்துவந்தார்கள். தன் வீட்டுக் கூரையில் வைத்த தட்டை மறுநாளே அவள் அப்பா எடுத்துவிட்டார். அவர் ஓட்டியது அந்த மின் ஆலையின் சாம்பல் லாரி. அண்ணன் எல்மருக்கும் அங்கேதான் வேலை.

மூன்று வாரங்களுக்கு முன் மாணவர்கள் சாலையை மறித்து உட்கார்ந்தபோது, முதலில் வந்து நின்றது கிரிசான்தோவின் லாரி. அவர் ஹார்ன் அடிக்கவில்லை. இறங்கி, மகளைப் பார்க்காமல், சாலையோரம் குந்தி வெகுநேரம் இருமினார். மற்றவர்கள் முழக்கமிட்டார்கள். அவள் மட்டும் நிறுத்திவிட்டாள். அந்த நாளைப் பற்றி இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. அவர் இறந்ததும் ஆலை மருத்துவர் இதயம் நின்றதாக எழுதிக் கொடுத்தார்.

மதியம் ரொவேனாவோடு சாம்பல் நிறுக்கும் நண்பன் ஜோவன் வந்தான். பெட்டியின் கண்ணாடி வழியாகக் கிரிசான்தோவைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை தரைக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

"ரொவேனா," என்றான் மெதுவாக. "தப்பா நினைக்காத. நாலு நாள், நாலு சுவருக்குள்ள. இத நிறுத்து எடுத்தா, சனிக்கிழமை கூட்டத்துல..."

ஆலை தன் சாம்பலைக் கொட்டும் குட்டையைப் பெரிதாக்குவது பற்றி அந்தச் சனிக்கிழமை நகராட்சியில் கருத்துக் கேட்புக் கூட்டம். இதற்கு முந்தைய கூட்டங்களில் ஆலைத் தொழிலாளியின் வீட்டிலிருந்து ஒருவர்கூடப் பேசியதில்லை. மாணவர்கள் பேசினால், வெளியாட்கள் தூண்டிவிட்ட பிள்ளைகள் என்று சொல்லிவிடுவார்கள்.

"எங்கப்பா படுத்திருக்காரு ஜோவன்," என்றாள் ரொவேனா.

சுவரோரம் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த எல்மர் தலையைத் தூக்கினான். "தராசு கொண்டாந்திருக்கியா தம்பி? நல்லா நிறுங்க. அப்படியே அப்பாவையும் ஒரு தடவை நிறுத்துப் பாத்துடுங்க. உடம்பு பாதிதான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான். ஜோவன் பையை மூடிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தான். பெட்டிக்குப் பக்கத்து விளக்கு ஒன்று சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. 

மூன்று மணிக்கு ஊர்த்தலைவர் வந்தார். அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை ஷூ. இரண்டடி வைத்ததும் குனிந்து ஷூவைப் பார்த்தார்.

"நெனிதா, நாலு மணிக்கு ஆலை மேனேஜர் மலர்வளையத்தோட வர்றாரு. போட்டோக்காரனும் கூட வர்றான். இந்தத் தரைய கொஞ்சம் பெருக்கிடு."

"பெருக்கக் கூடாதே கேப்டன்."

"அட, தெரியும். பெருக்க வேணாம். ஈரத்துணி போட்டுத் துடை. துடைக்கிறது பெருக்குறது ஆகாது. பாதர்கிட்டகூடக் கேட்டுட்டேன்."

"பாதர் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்கு," என்றாள் ரொவேனா.

"உன்கிட்ட நான் பேசல. எல்மர், ஒரு வாளி எடுத்துட்டு வா. திங்கக்கிழமை நீ வேலைக்குப் போகணும்ல?"

எல்மர் மடியிலிருந்த விதைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தான். பின்பக்கம் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொவேனா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளி நிறைய நிறையத் தண்ணீரின் ஓசை மாறிக்கொண்டே வந்தது. அண்ணனைத் தடுக்க வேண்டும் என்று ரொவேனாவுக்குத் தோன்றியது. ஆனால் இந்த வீட்டில் மிச்சமிருந்தது அவன் சம்பளம் ஒன்றுதான். அதில்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அசையவில்லை.

எல்மர் வந்தான். தண்ணீர் தளும்பாமல் வாளியைக் கேப்டனின் காலடியில் வைத்தான். துணியை மடித்து அதன் விளிம்பில் போட்டான்.

"நீங்களே துடைங்க கேப்டன். அப்பா வெளிய போறவரைக்கும் எங்க கை இந்தத் தரையில படாது."

"யோசிச்சுப் பேசு எல்மர்."

"யோசிச்சுட்டேன்."

பிறகு மூலையைப் பார்த்துச் சொன்னான்: "தம்பி, ஜன்னலடியில யாரும் மிதிக்கல. அங்கேருந்து எடு."

  கேப்டன் வாசலில் போய்ச் சற்று நின்றார். துக்க வீட்டார் யாரையும் வழியனுப்பக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜோவன் ஓரடிச் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்தான். உள்ளே இருந்ததைச் சின்னத் தூரிகையால் காகித உறைக்குள் எடுத்துப் போட்டான். சாம்பல் காற்றில் பறக்காமலிருக்க நெனிதா எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். ரொவேனா உறையின் மேல் தேதி எழுதினாள், இடம் எழுதினாள், எத்தனை நாள் என்று எழுதினாள். 'எடுத்தவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"குடு," என்றான் எல்மர். பெட்டியின் ஓரத்தில் உறையை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும் எழுதினான்.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். அந்தச் சாம்பலில் நின்று தலை குனிந்தார். மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தில் யாருக்கும் முழங்காலுக்குக் கீழே இல்லை; தரையை வெட்டிவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கிரிசான்தோவை அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் எல்மர் நான்கு நிமிடம் பேசினான். திங்கட்கிழமை அவனுக்கு வேலை போயிற்று; இப்போது பக்கத்து ஊரில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். ரொவேனா ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கி, மாகாணத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். ஜோவன் கத்தாருக்குப் போய்விட்டான். கேப்டன் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். குட்டையைப் பெரிதாக்குவதை இரண்டு வருடம் தள்ளிவைத்தார்கள். பிறகு ஆலைக்காரர்கள் அனுமதி கேட்டு மறுபடியும் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருவிலிருந்து பதினேழு பேர் பேசினோம். முதலில் நெனிதா. நான் ஒன்பதாவது.