நொடியில் பத்தில் ஒரு பங்கு

தஸ்லிமாவின் பாய்ச்சல் ஒரு சாண் குறைந்துபோயிருந்தது. மேலப்பாளையத்திலிருந்து ஆறு வருடமாக வாள்வீச்சுப் பயிற்சிக்கு வருகிறவள். முன்னங்காலை நீட்டி அவள் பாய்ந்தால் வாள்நுனி எதிராளியின் நெஞ்சில் பட்டே தீரும் என்று பேர் வாங்கியவள். இந்தப் பத்து மாதத்தில் நாலு போட்டியில் தோற்றுவிட்டாள். பயிற்சியாளர் பாக்கியசீலன் திட்டிப் பார்த்தார், தட்டிக்கொடுத்தும் பார்த்தார். கடைசியில் தனலட்சுமியை வரச் சொன்னார்.

தனலட்சுமி இயன்முறை மருத்துவம் படித்தவள், விளையாட்டு வீரர்களின் தசைகளை ஆராய்கிறவள். தொடையிலும் கெண்டைக்காலிலும் சட்டைப்பொத்தான் அளவு சென்சார்களை ஒட்டிவிட்டால், எந்தத் தசை எப்போது முறுக்கேறுகிறது என்பது கணினியில் கோடாக ஓடும். போன வருடமும் இதே பாளையங்கோட்டைக் கூடத்தில் தஸ்லிமாவுக்கு ஒட்டியிருக்கிறாள். அது சுடலைவடிவுக்கு அடிபட்ட நாள்.

வடிவு முக்கூடல்காரி. இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் தின்றவர்கள். மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒருத்திதான் போகலாம் என்று வந்தபோது எதிரெதிரே நின்றார்கள். பதினாலுக்குப் பதினாலு. அடுத்த புள்ளி யாருக்கோ அவளுக்கே இடம். அந்த நேரம் பார்த்து, வாள் பட்டதைப் புள்ளிப் பலகைக்குச் சொல்ல வடிவின் சட்டைக்குப் பின்னால் மாட்டியிருந்த வயர் கழன்றது. அதைப் பிடிக்க அவள் திரும்பினாள். நடுவராக நின்ற பாக்கியசீலன் ஆட்டத்தை நிறுத்த “ஹால்ட்” என்று கத்தினார். தஸ்லிமா பாய்ந்துவிட்டாள். அக்குள் கவசம் வாள் பிடிக்கும் வலது பக்கத்துக்குத்தான் உண்டு. திரும்பியதில் வடிவின் இடது பக்கம் முன்னால் வந்திருந்தது. வாள் முறிந்தது. முறிந்த முனை அக்குளுக்குள் இறங்கி, கைக்குப் போகும் நரம்பை அறுத்தது.

விபத்து என்றார்கள் எல்லாரும். வடிவும் அப்படித்தான் சொன்னாள். தஸ்லிமா மாநிலப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே திரும்பி வந்தாள்.

அதன்பிறகு யார் எதிரே நின்றாலும், பாயப்போகும் கணத்தில் அந்த ஆள் திரும்புவதுபோல இருக்கும். வாள் முறிந்த சத்தம் எங்கிருந்தோ கேட்கும். தொழுகைக்கு ஒளு செய்யும்போது இடது கையைக் கழுவ வரும் நேரம், அந்தக் கை தன்னுடையது இல்லை என்று தோன்றி, தண்ணீரை ஓடவிட்டு அப்படியே நிற்பாள். உம்மா குழாயை அடைத்துவிட்டுப் போவாள்.

தனலட்சுமி பத்துத் தடவை பாயச் சொன்னாள். பத்துத் தடவையும் கோடு ஒரே கதையைச் சொன்னது. முன்னங்கால் தரையைத் தொடுமுன்னே பின்தொடைத் தசை இறுகி, காலை உள்ளே இழுத்தது.

“நீயே பிரேக் போடுத தஸ்லி. பழைய கோட்டோட வச்சுப் பாக்கணும்.”

பழைய பதிவுகளில் கடைசியாக இருந்தது அந்த நாளுடையது. வீடியோவும் குரலும் சேர்ந்தது. பத்து மாதமாக யாரும் அதைத் திறக்கவில்லை. தனலட்சுமி பாக்கியசீலனைப் பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போடும்மா. நான் கத்துனது லேட்டான்னு எனக்கும் தெரியணும்.”

தனலட்சுமி நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அவருடைய குரல் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு கிழித்தாள். தஸ்லிமாவின் பின்னங்கால் கெண்டை இறுகத் தொடங்கும் இடத்தில் இன்னொன்று.

“ஒங்க குரலு வந்து நொடியில பத்துல ஒரு பங்குலயே பாய்ஞ்சிட்டா சார். காதுல விழுந்து மூளைக்குப் போயி கால நிறுத்த இது பத்தாது. யாராலயும் முடியாது. ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல.”

பாக்கியசீலன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. தஸ்லிமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலுக்கு முன்னாலேயே வயர் கழன்றதை அவள் பார்த்திருந்தாள். வடிவின் வாள் தாழ்ந்ததையும் பார்த்தாள். இப்போது போனால் புள்ளி தனக்கு என்று நினைத்தாள். போனாள். கண் பார்த்ததற்கு எந்தத் தசையிலும் சென்சார் ஒட்டியிருக்கவில்லை.

மறுநாள் பகல் பஸ்ஸில் முக்கூடலுக்குப் போனாள். வடிவின் அம்மா வாசல் நிழலில் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வடிவு வலது கையால் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கியே இருந்தன.

தஸ்லிமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கோடு காட்டியதைச் சொன்னாள், காட்டாததையும் சொன்னாள்.

வடிவு கத்தரியைக் கீழே வைத்தாள்.

“தெரியும்ட்டி. மொகமூடி வலைக்குப் பின்னால ஒன் கண்ண நான் பாத்தேன்லா.”

“பின்ன ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“நீ வந்து சொல்லுவன்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்த, அழுத, போயிட்ட. பத்து மாசம்.” நறுக்கிய இலையை ஒதுக்கிவிட்டு, “இப்ப ஏன் சொல்லுத?” என்றாள்.

“எல்லாரும் எம்மேல தப்பில்லங்காவ. தாங்க முடியல.”

“எனக்கும் கையில ஊசி குத்தி, வயர மாட்டிப் பாத்தாவ. விரல மடக்குன்னாவ. கோடு அசையவே இல்ல.” வடிவு எழுந்தாள். “இனிம நீ இங்கன வராத. பேசணும்னு தோணுனா நானே கூப்பிடுதேன்.”

உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா தலை நிமிரவில்லை. கையிலிருந்த பீடியை மட்டும் நூல் சுற்றி முடித்துச் சொளவில் போட்டார்.

“மூணரைக்கு ஒரு பஸ் இருக்கு. போயிரு தாயி.”

பாக்கியசீலனிடமும் தஸ்லிமா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்த வருடத் தேர்வுப் பட்டியலிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டு, “பயிற்சிக்கு மட்டும் வா” என்றார். அவள் தினமும் போனாள். அவளுடன் சோடி சேரத் தயங்கியவர்கள் இருந்தார்கள்.

கார்த்திகையில் ஒரு மழைக் காலை, போனில் வடிவின் பேர் வந்தது.

“சுண்டுவெரலு லேசா அசையுது. ஒன்ட்டச் சொல்லணும்னு தோணிச்சு.”

தஸ்லிமா வாயைத் திறக்குமுன் இணைப்பு அறுந்தது. மன்னித்துவிட்டாளா, விரல் அசைந்ததை மட்டும் சொன்னாளா என்று அவளுக்கு விளங்கவில்லை. திரும்பக் கூப்பிடப் பயமாக இருந்தது. ஈரச் சுவரில் சாய்ந்து, போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.