எட்டு அடித்தால் ஏழு

தம்பியின் வலது கை கொஞ்ச நாளாகக் கீபோர்டில் தாமதமாகத்தான் விழுகிறது. நரம்பு, என்றார் டாக்டர். இன்னும் மோசமாகுமா என்று கேட்டேன். மனிதர் பிடிகொடுத்தே பேசவில்லை. வெளியே வந்து அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அவனுக்கு விரல்தான் மரத்திருந்தது, எனக்கு மொத்தமும்.

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு, ஸ்டுடியோவில் குவாண்டைஸ் என்போம். தாளம் தப்பி விழுவதைப் பதிவாகும்போதே பக்கத்து அடிக்கு இழுத்து வைத்துவிடும். அதை அழுத்திவிட்டுத்தான் தம்பி வாசிக்கவே உட்காருவான். பதிவு மேஜையில் இருக்கும் எனக்கு இது தெரியும், இசையமைப்பாளருக்குத் தெரியாது. தெரிந்தால் வேறு ஆளைக் கூப்பிடுவார். அப்புறம் இவன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான், நான் இவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று டிவி தொடர் ஒன்றுக்கு முகப்பு இசை. மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தும் ஒரே கார்டை வரிசையாக எட்டு முறை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கை எட்டு முறை இறங்கியதைப் பார்த்தேன். திரும்பப் போட்டால் ஏழுதான் கேட்டது.

"ஒண்ணை முழுங்கிட்டீங்களே தம்பி," என்றார் இசையமைப்பாளர், என் பக்கத்திலிருந்து மைக்கில்.

"இன்னொரு தடவை போயிடலாம் சார்."

இன்னொரு தடவையும் ஏழு. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன பொத்தானுக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. கொஞ்சம் தாமதமென்றால் அதனதன் இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். பாதி தூரம் தாண்டிவிட்டால் அடுத்த அடிக்குத் தள்ளிவிடும். ஆறாவது கார்டு ஏழாவதன் தலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. கை அவ்வளவு தாமதமாகிவிட்டது. டாக்டர் மென்று விழுங்கியதை மெஷின் சொல்லிவிட்டது.

தம்பிக்கும் புரிந்திருக்க வேண்டும். "அக்கா, அந்த பட்டனை எடுத்துடறேன்," என்றான். இசையமைப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பதிவை மறுபடி ஓடவிட்டேன்.

இந்த முறை எட்டும் கேட்டன, வாசலில் தயங்கி நின்று உள்ளே வருகிறவர்களைப் போல. இசையமைப்பாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் நல்ல மனிதராக இருந்து தொலைத்தார்.

"எட்டும் ஒரே கார்டுதானே தம்பி. ஒரு தடவை அடிங்க போதும். மிச்சத்தை நான் காப்பி போட்டுக்கறேன்."

தம்பி ஒரு தடவை அடித்தான். சுத்தமாக இருந்தது. அவர் அதை எட்டாக்கிப் போட்டுக் காட்டினார். "தேவைப்பட்டா கூப்பிடறேன்," என்று தோளில் தட்டி அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பஸ் நிறுத்தத்தில் வலது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். பஸ் வருகிற வழியாக இல்லை. எனக்கு எதுவும் தோன்றவில்லை, பசிகூட.

"ஒண்ணே ஒண்ணுன்னா லேட்டே ஆகாதுக்கா," என்றான். "கவனிச்சியா?"

"கவனிச்சேன்டா," என்றேன்.